பிராக் நகரத்துச் சொக்கோல் கழகம்

உடற்பயிற்சிக் கழகமொன்றின் வரலாறு பெரும்பாலும் அதன் கூட்டக் குறிப்பேட்டினுள் அடங்கிவிடும். தலைவராய் இருந்தோர் பெயரும், வென்ற கேடயங்களின் தொகையும், கட்டிய மண்டபத்தின் செலவும் சொல்லப்பட்டபின் சொல்வதற்கு அதிகம் எஞ்சுவதில்லை. ஆயின், பொகீமியா நாட்டின் தலைநகராகிய பிராக்கில் 1862ஆம் ஆண்டு தோன்றிய கழகமொன்றின் வரலாறு அத்தகையதன்று. ஒரு நகரத்து இளைஞர் சட்டத்தில் தொங்கவும் கயிற்றில் ஏறவும் கூடிய அச்சங்கம் செக் மக்களின் பேரியக்கமாய் வளர்ந்தது. 1915, 1941, 1948 ஆகிய ஆண்டுகளில் மூவேறு அரசுகளால் ஒடுக்கப்பட்டது. மூன்று முறையும் மீண்டெழுந்தது. உடலைப் பயிற்றுவோரைக் கண்டு அரசுகள் அஞ்சுவானேன் என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினாவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொகீமியா ஒஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. அரசு அலுவலிலும் உயர்கல்வியிலும் ஜேர்மன் மொழியே ஓங்கிநின்றது. செக் மொழி வீட்டு மொழியாகவும் நாட்டுப்புற மொழியாகவும் கருதப்பட்டது. 1848ஆம் ஆண்டுப் புரட்சி அடங்கியபின் ஏறக்குறையப் பத்தாண்டுகள் மக்கள் சங்கம் அமைத்தலும் கூடிப் பேசுதலும் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. 1859இல் இத்தாலியப் போரிலே தோல்வியுற்ற பேரரசு தன் பிடியைச் சிறிது தளர்த்தியது. அடுத்த ஆண்டு வெளியான பேரரசர் சாசனத்தின் பயனாகப் பொதுவாழ்வு மீண்டும் துளிர்த்தது. இசைச் சங்கங்களும் வாசிப்புச் சங்கங்களும் பெருகின. உடற்பயிற்சிக் கழகத்திற்கு முன்மாதிரியும் அயலிலேயே இருந்தது. 1811இல் பெர்லின் நகர்ப்புறத்தில் யான் என்னும் ஆசிரியர் தொடங்கிய பயிற்சிக்களத்திலிருந்து ஜேர்மன் நாடுகளெங்கும் இத்தகைய கழகங்கள் பரவியிருந்தன.

1862ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் நாள் பிராக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடைபெற்றது. அதனை நிறுவியோருள் இருவர் தலையாயவர். ஒருவர் மிரொஸ்லாவ் தீர்ஷ். 1832இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, மெய்யியல் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றவர். பழங்கிரேக்கரின் கலையில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். மற்றவர் யிந்திரிஷ் ஃபியூக்னர். காப்புறுதித் துறையில் பொருளீட்டிய வணிகர். இருவருக்கும் பிறப்பில் இடப்பட்ட பெயர்கள் ஜேர்மன் வடிவின என்பதும், பின்னரே அவர்கள் செக் வடிவை ஏற்றனர் என்பதும் கருதத்தக்கன. பிறப்பினால் வாய்த்ததைப் பேணியோர் என்பதினும், தேர்ந்து தமதாக்கிக்கொண்டோர் என்பதே அவர்க்குப் பொருந்தும். ஃபியூக்னர் தலைவரானார், தீர்ஷ் பயிற்சிக்குப் பொறுப்பேற்றார். வல்லூறு என்று பொருள்படும் ‘சொக்கோல்’ என்னும் பெயர் கழகத்திற்கு விரைவில் வழங்கலாயிற்று. தென் சிலாவியரின் வீரப் பாடல்களில் ஆண்மைக்கு உவமையாக வரும் பறவை அது.

ஃபியூக்னர் வகுத்த ஒழுகலாறு ஒன்று இக்கழகத்தின் உயிர்நிலையாய் அமைந்தது. செக் மொழியில் மதிப்புக்குரியாரைப் பன்மையாலும் நெருங்கியோரை ஒருமையாலும் விளித்தல் மரபு. கழகத்தினுள்ளே செல்வரும் தொழிலாளரும், கற்றாரும் கல்லாதாரும், ஒருவரையொருவர் ஒருமையிலேயே விளித்துச் ‘சகோதரர்’ என்றே அழைத்தல் வேண்டுமென அவர் வற்புறுத்தினார். பட்டமும் பதவியும் மனிதரைப் படிப்படியாக அடுக்கிய அக்காலத்தில் இச்சிறு மாற்றம் எளியதன்று. இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியின் படையினர் அணிந்த செஞ்சட்டையே கழகத்தினரின் உடையிலும் இடம்பெற்றது. ஓவியர் யோசெப் மானெஸ் கொடியை வரைந்தளித்தார். கழகத்திற்குரிய மண்டபமும் ஃபியூக்னரின் பொருளுதவியால் 1863இலேயே எழுந்தது. அதன் பயனை நெடுங்காலம் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1865இல் காலமானார்.

பயிற்சி முறையை வகுத்த பணி தீர்ஷுடையது. அவர் உடற்பயிற்சிகள் அனைத்தையும் நான்கு கூறாகப் பகுத்தார்: கருவியின்றிச் செய்வன, கருவி கொண்டு செய்வன, பிறர் துணையோடு செய்வன, பிறர் எதிர்ப்பை வென்று செய்வன. கைகால் அசைவுகள் முதலாவதிலும், கிடைச்சட்டம், சமாந்தரச் சட்டம் முதலியன இரண்டாவதிலும், ஒருவர்மேல் ஒருவர் ஏறி அமைக்கும் கோபுரங்கள் மூன்றாவதிலும், மற்போரும் வாட்போரும் நான்காவதிலும் அடங்கும். தனியொருவன் தன்னுடலை ஆளுதலில் தொடங்கி, பிறரோடு இயைதலிலும் பிறரை எதிர்நிற்றலிலும் முடிவது இவ்வரிசை.

இதனினும் அரியது அவர் ஆற்றிய மொழிப்பணி. அசைவு ஒவ்வொன்றிற்கும் நிலை ஒவ்வொன்றிற்கும் செக் மொழியில் கலைச்சொல் ஆக்கினார். பயிற்சிக்களத்துச் சொல் நூலிலே கிடப்பதன்று. உரத்துச் சொல்லப்பட்டதும் ஐம்பது உடல்கள் ஒருங்கே அதற்கிணங்க அசைதல் வேண்டும். ஆதலின் அது குறுகியதாயும், ஐயத்திற்கு இடமற்றதாயும், செவிக்குத் தெளிவாயும் இருத்தல் இன்றியமையாதது. ‘இம்மொழி அறிவியலுக்கு ஆகாது’ என்ற எண்ணம் பரவியிருந்த காலத்தில், நாள்தோறும் மாலையில் அம்மொழி துல்லியமாக ஏவுவதையும் உடல்கள் பிழையின்றி ஏற்பதையும் இளைஞர் கண்டனர்.

1869இல் தீர்ஷின் ஆதரவோடு பிராக் மகளிர்க்கெனத் தனி உடற்பயிற்சிச் சங்கம் தோன்றியது. 1882இல் முதற் பேரணிவிழா நடைபெற்றது. இரண்டாண்டின்பின் தீர்ஷ் மலைநாடொன்றில் ஆற்றில் வீழ்ந்து இறந்தார்; எனினும் அவர் இட்ட வித்து அழியவில்லை. ஊர்தோறும் எழுந்த கழகங்கள் 1889இல் ஓரொன்றியமாயின.

முதலாம் உலகப் போரில் ஒஸ்திரிய அரசு 1915இல் ஒன்றியத்தைக் கலைத்தது. 1918இல் செக்கோசிலோவாக்கியக் குடியரசு பிறந்தபொழுது முதல் நாட்களில் அமைதி காக்க முன்வந்தோருள் சொக்கோலினரும் இருந்தனர். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஷுப்சிக் என்பவர் கயிறேறுதலிற் பொற்பதக்கம் வென்றார். 1938ஆம் ஆண்டுப் பேரணிவிழாவில், நாசி ஜேர்மனியின் அச்சுறுத்தல் சூழ்ந்திருக்க, ஆடவர் நிகழ்த்திய பயிற்சிக்குக் ‘குடியரசுக்கு உறுதிமொழி’ என்பதே பெயர். சில திங்களில் மியூனிக் உடன்படிக்கை நாட்டைத் துண்டாடியது. 1941 ஒக்டோபரில், ஐட்ரிக் பிராக்கிற்கு வந்த சில நாட்களில், ஓரிரவில் சொக்கோல் நிருவாகிகள் பல நூற்றுவர் சிறைபிடிக்கப்பட்டனர். வதைமுகாம்களுக்குச் சென்றோருட் பெரும்பாலார் மீளவில்லை. மறுவருடம் ஐட்ரிக்கைத் தாக்கிய வான்குடை வீரர்க்கு மறைவிடம் தேடித் தந்தோரிலும் சொக்கோலினர் இருந்தனர்.

போரின்பின் கழகம் எழுந்தது, நிலைக்கவில்லை. 1948 பெப்ரவரியில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. அவ்வாண்டுக் கோடையில் நிகழ்ந்த பேரணிவிழாவில் ஊர்வலஞ் சென்றோர் பலர் புதிய தலைவர் கொத்வால்டு நின்ற மேடையைக் கடக்கையில் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டனர். அதே ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் செக்கோசிலோவாக்கிய மகளிர் அணி பொற்பதக்கம் பெற்றது. அவ்வணியின் மங்கையொருத்தி போலியோ நோயால் அங்கேயே உயிர் நீத்தாள். சொக்கோல் மகளிர் தலைவி மரியா புரொவஸ்னிக்கோவா நாடு திரும்ப மறுத்தார். பின் நிகழ்ந்த களையெடுப்பில் கழகம் அரசின் விளையாட்டமைப்பினுள் அமிழ்த்தப்பட்டது. 1955 முதல் அரசே அதே திடலில் ‘ஸ்பார்ட்டகியாட்’ என்னும் பெருங்காட்சிகளை நடத்தியது. அசைவுகள் ஒத்தன, அழைத்தவர் வேறு.

இவ்வேறுபாட்டிலேயே முற்கூறிய வினாவிற்கு விடை உளது. அரசுகள் அஞ்சியது தசை வலிமையை அன்று. உறுப்பினர் தாமே கூடினர்; தாமே தலைவரைத் தேர்ந்தனர்; தம் பொருளாலே மண்டபம் எழுப்பினர்; ஒருவரையொருவர் சமமாக விளித்தனர். ஆணையின்றி ஒழுங்கு காக்கப் பழகிய மக்களை ஆணையால் மட்டும் ஆளுதல் அரிது. இயக்கம் குறையற்றதென்று கூறுதற்கில்லை. அது செக் இனத்தாரின் கழகமாகவே நின்றமையால் அதே நகரத்து ஜேர்மனியர் தனியே பயின்றனர். தொழிலாளரும் கத்தோலிக்கரும் காலப்போக்கிற் தமக்கெனத் தனி அமைப்புக்களைக் கண்டனர். ‘சகோதரர்’ என்ற சொல்லின் எல்லை அவ்வளவே விரிந்தது.

1990 சனவரியில் சொக்கோல் மீண்டும் நிறுவப்பட்டது. 1994 முதல் ஆறாண்டிற்கொருமுறை பேரணிவிழா நடைபெறுகின்றது. கரப்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், மேசைப்பந்தாட்டம் முதலிய பல விளையாட்டுக்களும் இன்று ஊர்க் கழகங்களில் இடம்பெறுகின்றன. நாற்பதாண்டு மூடிக்கிடந்த கதவுகளைத் திறந்தோருள் முதியோர் பலர். சிறுவராயிருந்தபோது தாம் கற்ற ஏவற்சொற்களை அவர்கள் மறந்திருக்கவில்லை.