முதல் பந்தி பூச்சிக்கு

ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ ஒரு வீட்டில் பச்சோந்தி வளர்க்கிறார்கள் என்றால், அந்த வீட்டின் ஏதோ ஒரு மூலையில் சுவர்க்கோழிகள் கத்திக்கொண்டிருக்கும். பச்சோந்தி ஒன்றுதான், அதற்காக வளரும் பூச்சிகள் நூற்றுக்கணக்கில். வலையடித்த உயரமான கூண்டையும் கிளையைப் பற்றியபடி அசையாமல் நிற்கும் விலங்கையும்தான் பார்க்க வருகிறவர்கள் ரசிப்பார்கள். பக்கத்தில் முட்டை அட்டைகளை அடுக்கிச் சுவர்க்கோழிகளை வைத்திருக்கும் பிளாஸ்டிக் பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் பச்சோந்தியின் கால் எலும்பு வளையாமல் இருக்குமா, கண் வீங்காமல் இருக்குமா, எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்பதெல்லாம் பெருமளவு அந்தப் பெட்டிக்குள்தான் முடிவாகிறது.

உலகில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன. ஏறக்குறையப் பாதி மடகாஸ்கரில். வீடுகளில் அதிகம் வளர்வது சிலதான்: ஏமன், சவூதி அரேபியப் பகுதிகளைச் சேர்ந்த, தலையில் உயரமான கொண்டை கொண்ட ஏமன் பச்சோந்தி, மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தி, கென்யா, தான்சானியா மலைகளில் வாழும் மூன்று கொம்பு ஜாக்சன் பச்சோந்தி. இவற்றில் ஏமன் இனம் கூண்டிலேயே எளிதாகப் பெருகுவதால் கடைகளில் பரவலாகக் கிடைக்கிறது. இங்கே சொல்வது பெரும்பாலும் அதைப் பற்றியே. நம் ஊரில் பனங்காட்டிலும் முட்புதரிலும் காணப்படும் இந்தியப் பச்சோந்தி, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

உயிருள்ள பூச்சிதான் வேண்டும் என்று ஏன் இத்தனை பிடிவாதம்? பச்சோந்தியின் பார்வை அசைவைத் தேடும் பார்வை. இரண்டு கண்களும் தனித்தனியே சுழன்று சுற்றிலும் துழாவும். ஏதாவது நகர்ந்தால் இரண்டும் அதன்மேல் வந்து நிற்கும். அதன் பிறகு தூரத்தை அளக்க வேண்டும். இரண்டு கண்களின் காட்சியையும் ஒப்பிட்டு அது அளப்பதில்லை. பொருளைத் தெளிவாகப் பார்க்கக் கண்ணின் குவியத்தை எவ்வளவு மாற்ற வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே தூரத்தைக் கணிக்கிறது. 1977-இல் ஹார்க்னஸ் என்ற ஆய்வாளர் பச்சோந்திகளுக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்தார். லென்ஸ் குவியத்தை மாற்றியதும் நாக்கு இலக்குக்கு முன்பாகவோ பின்பாகவோ போய் விழுந்தது. செத்து அசையாமல் கிடக்கும் பூச்சி பெரும்பாலும் இந்த வேட்டையைத் தொடங்கி வைப்பதில்லை.

நாக்கின் வேகம் தசையால் மட்டும் வருவதல்ல. நாக்கின் நடுவே கூரிய, விறைப்பான ஒரு தண்டு இருக்கிறது. அதைச் சுற்றிக் குழாய் வடிவில் ஒரு தசை. இரண்டுக்கும் இடையே ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய கொலாஜன் உறைகள். தசை மெல்ல இறுகும்போது அந்த உறைகள் இழுபடுகின்றன. தசை தண்டின் நுனியைத் தாண்டி வழுக்கியதும், சேர்த்து வைத்த விசை அத்தனையும் ஒரே கணத்தில் விடுபடுகிறது. உண்டிவில்லின் ரப்பரை இழுத்து விடுவது மாதிரிதான். தான்சானியாவின் ஒரு சிறிய இனத்தில் நாக்கு உடல் நீளத்தைப்போல் இரண்டரை மடங்கு தூரம் பாய்வதையும், அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 264 மடங்கு இருப்பதையும் 2016-இல் கிறிஸ்டோபர் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் அளந்தார். நாக்கின் நுனியில் ஊறும் பசை மனித எச்சிலைவிட 400 மடங்கு கெட்டியானது என்று அதே ஆண்டு பெல்ஜியத்தின் மோன்ஸ் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது.

ஆண்டர்சனும் டெபான் என்ற ஆய்வாளரும் 2010-இல் ஏமன் பச்சோந்தியை வைத்துச் செய்த இன்னொரு சோதனை வளர்ப்பவர்களுக்கு மிகவும் பயன்படுவது. குளிரில் நாக்கைத் திரும்ப இழுக்கும் வேகம் வெகுவாகக் குறைகிறது, ஆனால் பாயும் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. விடியற்குளிரிலும் அது வேட்டையாடும் என்று அர்த்தம். தின்றது செரிக்க வேண்டுமானால் மட்டும் உடல் சூடாக வேண்டும். அதனால்தான் அனுபவசாலிகள் காலையிலேயே தீனி போட்டுவிடுகிறார்கள்; பகல் முழுக்க விளக்கின் சூட்டில் காய அதற்கு நேரம் கிடைக்கும். மாலையில் போட்டால் குளிர்ந்த வயிற்றில் பூச்சி செரிக்காமல் கிடக்கும்.

இனி அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்கு வருவோம். காட்டில் பச்சோந்தி ஈ, தேனீ, வெட்டுக்கிளி, வண்டு என்று பலதையும் தின்கிறது. ஒவ்வொன்றின் வயிற்றிலும் இலையும் மகரந்தமும் இருக்கும். பண்ணையில் வளர்ந்த சுவர்க்கோழியின் கதை வேறு. பூச்சிக்கு எலும்பு கிடையாது, சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், அதனிடம் சொற்பம். பாஸ்பரஸோ அதைவிடப் பல மடங்கு அதிகம். பச்சோந்தியின் உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், இரண்டு மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. வெறும் சுவர்க்கோழியாகப் போட்டுக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் கால்சியம் குறையும். உடல் தன் எலும்பையே கரைத்து அதை ஈடு செய்யும். கால்கள் வில்லாக வளையும், தாடை இளகும், கிளையைப் பிடிக்க முடியாமல் விலங்கு கீழே விழும். வயிறு நிறையத் தின்றும் இந்த நிலைக்கு வரும் பச்சோந்திகள் ஏராளம். வளர்ப்பில் இதைவிட வருத்தமான நோய் வேறில்லை என்பேன், ஏனென்றால் இது அநேகமாக எப்போதும் தவிர்க்கக்கூடியது.

இதைத் தடுக்கப் பூச்சியின் உள்ளேயும் வெளியேயும் வேலை செய்ய வேண்டும். பச்சோந்திக்குக் கொடுப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே சுவர்க்கோழிகளுக்கு நல்ல தீனி போடுவது முதல் வேலை: கடுகுக் கீரை, கேரட், சர்க்கரைவள்ளி, ஆரஞ்சுத் துண்டு. பாலக்கீரை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்தது, கொடுக்கும் நேரத்தில் ஒரு பையில் கால்சியம் பொடியோடு பூச்சிகளைப் போட்டுக் குலுக்குவது. பொடி தூவிய பூச்சியை உடனே கொடுத்துவிட வேண்டும். சுவர்க்கோழி சுத்தக்காரப் பூச்சி, சற்று நேரத்தில் தன் உடலைத் துடைத்துப் பொடியை உதறிவிடும். வைட்டமின் டி3 கலந்த பொடியையும், வைட்டமின் ஏ உள்ள கலவையையும் மாதத்தில் ஓரிரு முறை அளவாகத் தூவினால் போதும். டி3 மிஞ்சினால் கால்சியம் எலும்பைத் தவிர மற்ற உறுப்புகளிலும் படியும். இதெல்லாம் செய்தும் கூண்டின்மேல் புற ஊதா பி விளக்கு இல்லாவிட்டால் பயனில்லை. 290 முதல் 315 நானோமீட்டர் வரையான அந்த ஒளி தோலில் பட்டால்தான் உடல் தானே டி3 செய்துகொண்டு கால்சியத்தை உறிஞ்சும்.

ஒரே பூச்சியை நம்பியிருப்பது இன்னொரு வகையிலும் ஆபத்து. 2002 வாக்கில் ஐரோப்பியப் பண்ணைகளிலும், 2009–10-இல் வட அமெரிக்காவிலும் டென்சோவைரஸ் ஒன்று வீட்டுச் சுவர்க்கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. தலைமுறை தலைமுறையாக நடந்த பண்ணைகள்கூட ஆட்டம் கண்டன. வேறு சுவர்க்கோழி இனங்களுக்கும் டூபியா கரப்பானுக்கும் அதன்பின் மவுசு கூடியது. டூபியா கத்தாது, வழுவழுப்பான சுவரில் ஏறாது. மல்பெரி இலை தின்னும் நம் பட்டுப்புழுவும் அங்கே விரும்பப்படும் தீனி. மென்மையானது, கொழுப்பு குறைவு. பூச்சியிடம் கால்சியம் சொற்பம் என்ற விதிக்குப் பிளாக் சோல்ஜர் ஈயின் புழு விதிவிலக்கு, அதன் தோலிலேயே கால்சியம் இருக்கிறது. தேனடையை அரிக்கும் மெழுகுப்புழு வெறும் கொழுப்பு. எப்போதாவது ஒன்று கொடுக்கலாம்.

தோட்டத்தில் பிடித்த பூச்சிகளைப் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். பூச்சிமருந்து படாத இடம் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய வேண்டாம். அமெரிக்க மின்மினிகளின் உடலில் இதயத்தைத் தாக்கும் ஸ்டீராய்டு நஞ்சு உண்டு. அவற்றைத் தின்ற ஆஸ்திரேலியத் தாடிப் பல்லிகள் இறந்தது 1990-களில் பதிவாகியிருக்கிறது.

பூச்சியின் பருமன் பச்சோந்தியின் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. குஞ்சுகளுக்குத் தினமும், தின்னும் வரை போடலாம். வளர்ந்தவற்றுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் சில பூச்சிகளே போதும். பெண்ணிடம் இன்னும் கவனம் வேண்டும். ஆணே இல்லாவிட்டாலும் ஏமன் பச்சோந்தி முட்டையிடும். தீனியும் சூடும் மிகுந்தால் ஒரே ஈட்டில் 80 வரைகூட இட்டுவிடும். அத்தனை முட்டை ஓட்டுக்கும் கால்சியம் அதன் உடலிலிருந்தே போகிறது. தீனியையும் வெப்பத்தையும் குறைத்தால் முட்டையும் குறையும், ஆயுளும் நீளும். பச்சோந்தி கேட்கிறதே என்று அள்ளிப் போடுவது பாசமல்ல.

பூச்சிகளைக் கூண்டுக்குள் திறந்து விட்டால் மிஞ்சியவை இரவில் தூங்கும் விலங்கைக் கடிக்கும். வழவழப்பான ஆழக் கிண்ணத்தில் போட்டுக் கிளைக்குக் கீழே தொங்கவிடுவது நல்ல வழி. நாக்கு பாய்வதற்குச் சற்று இடைவெளி இருக்கட்டும். தினமும் எட்டும் தூரம் எவ்வளவு என்று கவனித்து வையுங்கள். அதே கிண்ணத்தை அது குறி பார்த்தும் நாக்கு பாதியில் விழுந்தால், அல்லது நாக்கை நீட்டாமல் அருகே போய் வாயால் கவ்வ முயன்றால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் குறைவில் வெளியே தெரியும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. எலும்பு முழுக்க வளைவதற்கு முன் பிடித்துவிட்டால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.