மருந்தகமும் மனச்சாட்சியும்: ஐக்கிய அமெரிக்காவின் கருத்தடை உரிமை பற்றிய ஒரு நோக்கு

சட்டம் ஓர் உரிமையை ஏற்பது ஒன்று. அவ்வுரிமை வேண்டுவோரின் கையிற் சேர்வது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஐக்கிய அமெரிக்காவின் கருத்தடை வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. கருத்தடை மாத்திரைக்கு அங்கு 1960 இல் அனுமதி கிடைத்தது. கருத்தடை செய்யும் உரிமையை 1965 இல் மணமானோர்க்கும், 1972 இல் மணமாகாதோர்க்கும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எனினும், வைத்தியரின் சீட்டுடன் மருந்தகத்துக்குச் சென்ற பெண்கள் சிலர் வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்தது.

2002 இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் மருந்தாளர் ஒருவர், தமது மத நம்பிக்கை காரணமாக, மாணவி ஒருவருக்கு மாத்திரை வழங்க மறுத்தார். சீட்டை வேறொரு மருந்தகத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் அவர் உடன்படவில்லை. மாநில மருந்தாளர் சபை 2005 இல் அவர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுத்தது. 2008 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அந்நடவடிக்கை சரியெனக் கண்டது.

இங்கு தாமதமே மறுப்பாகிவிடுகின்றது என்பது கருதத்தக்கது. கருத்தடை மாத்திரை நாள்தோறும் உட்கொள்ளப்பட வேண்டியது. லெவோனோர்கெஸ்ட்ரல் அடங்கிய அவசரக் கருத்தடை மாத்திரையோ உறவின் பின் 72 மணித்தியாலங்களுக்குள், இயன்றளவு விரைவாக, உட்கொள்ளப்பட வேண்டும். நகரத்திற் காரோட்டிச் செல்லும் வசதியுடையவளுக்கு அடுத்த மருந்தகம் அடுத்த தெருவில் உண்டு. ஒரே மருந்தகமுள்ள சிற்றூரில், நாட்கூலியை இழந்து பயணஞ்செய்ய வேண்டியவளுக்கோ அந்த ஒரு மறுப்பே முடிவாகிவிடலாம். எனவே இது வர்க்கப் பிரச்சினையுமாகும்.

மருந்தாளரின் மனச்சாட்சியைப் புறக்கணிக்கலாமா என்ற வினா நியாயமானதே. இதற்கு இரு மாநிலங்கள் இருவேறு விடைகளைக் கண்டன. இலினோய் ஆளுநர் ரொட் பிளகோயெவிச் 2005 ஏப்பிரலில், கருத்தடைச் சீட்டுகளுக்கு மருந்தகங்கள் தாமதமின்றி மருந்து வழங்க வேண்டுமென அவசர விதி பிறப்பித்தார். மருந்தக உரிமையாளர் சிலர் வழக்காடினர். அம்மாநிலத்தின் மனச்சாட்சி உரிமைச் சட்டம் அவர்களைப் பாதுகாப்பதாக 2012 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் 2007 ஆம் ஆண்டு விதிகளோ கடமையைத் தனியாள்மீது சுமத்தாது மருந்தகத்தின்மீது சுமத்தின. மருந்தாளர் ஒருவர் விலகிக்கொள்ளலாம். ஆனால் அதே இடத்தில் மற்றொருவர் உரிய நேரத்தில் மருந்தை வழங்க வேண்டும். பெண்ணை வேறிடத்துக்கு அனுப்பிவிடல் போதாது. 2015 இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் இவ்விதிகளை ஏற்றது. 2016 இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. மனச்சாட்சி மனிதனுக்குரியது, அனுமதிப்பத்திரமோ பொதுமக்களுக்குச் சேவை செய்யவென நிறுவனத்துக்கு வழங்கப்படுவது. இவ்வேறுபாட்டை உணர்ந்தமையே இவ்விதிகளின் சிறப்பு எனலாம்.

பின்னர் மாற்றங்கள் சில நிகழ்ந்தன. 2013 இல் லெவோனோர்கெஸ்ட்ரல் அவசர மாத்திரைக்கு வயதெல்லையும் சீட்டும் நீக்கப்பட்டன. 2016 முதல் ஒரேகன், கலிபோர்னியா மாநிலங்களில் மருந்தாளரே கருத்தடை மருந்தை விதித்து வழங்கலாயினர். 2023 இல், நாளாந்த மாத்திரையான ஓபில் சீட்டின்றி விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. ஆயினும், ஏனைய பல மாத்திரைகளுக்குச் சீட்டு இன்றும் வேண்டும். சீட்டின்றிப் பெறுவதற்கோ கையிற் பணம் வேண்டும்.

ஆகவே, உரிமையை அளக்கும் கோல் தீர்ப்பேடு மட்டுமன்று. சிற்றூர் மருந்தகமொன்றின் முன் நிற்கும் வசதியற்ற பெண்ணுக்கு அன்றே மருந்து கிடைக்கின்றதா என்பதே உண்மையான அளவுகோலாகும்.