5 நிமிடம் 22 விநாடி

அமெரிக்கப் பாடகி அரியானா கிராண்டேயின் 'ஸ்வீட்னர்' ஆல்பம் 2018 ஆகஸ்டில் வெளியானது. அதில் கடைசிப் பாட்டு 'கெட் வெல் சூன்'. ஓடும் நேரம் 5 நிமிடம் 22 விநாடி. தேதியில் மாதத்தை முன்னால் போடுவது அமெரிக்க வழக்கம். 5/22 என்றால் மே 22.

2017இல் அதே தேதி இரவு, இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரினாவில் அவர் பாடி முடித்து, கூட்டம் வெளியேறிக்கொண்டிருந்தது. வாசல் கூடத்தில் ஒருவன் தற்கொலைக் குண்டை வெடிக்கச் செய்தான். 22 பேர் இறந்தார்கள். பாட்டுக் கேட்க வந்த பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போகக் காத்திருந்த பெற்றோரும் அதில் உண்டு. அரியானாவின் உடம்பில் கீறல்கூட விழவில்லை. இரண்டே வாரத்தில் அதே ஊருக்குத் திரும்பிவந்து, ஓல்ட் டிராஃபோர்டு கிரிக்கெட் மைதானத்தில் நிதி திரட்டப் பாடினார். மீண்டுவிட்டார் என்றே உலகம் நினைத்தது.

மீளவில்லை. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பின் அறிகுறிகள் தன்னிடம் இருப்பதைப் பிற்பாடு அவரே பேட்டியில் சொன்னார். மூச்சு முழுதாக உள்ளே போகாத உணர்வும் அவரை வாட்டியது.

அது வெறும் பிரமையல்ல. ஆபத்து என்று மூளை தவறாக மணியடித்தாலும் அட்ரினலின் நிஜமாகவே சுரக்கும். இதயம் படபடக்கும், மூச்சு வேகமெடுக்கும். வேகமாக மூச்சுவிட விட ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால்தான் தலை சுற்றுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. காற்று போதவில்லை என்று இன்னும் வேகமாக இழுப்பார்கள். நிலைமை மேலும் மோசமாகும். மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடுவதுதான் இந்தச் சுழலிலிருந்து வெளியேறும் வழி.

ஸ்டுடியோவில் அரியானாவுக்கு வந்த இத்தகைய பதற்றமே அதே ஆல்பத்தின் 'பிரீதின்' பாட்டுக்குக் கரு. கேட்டால் காலாட்டத் தோன்றும், துள்ளலான மெட்டு. மூச்சு முட்டும் அனுபவத்துக்கு இவ்வளவு பளபளப்பு எதற்கு என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் பதற்றம் வந்தவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சீரான தாளம் வேண்டியிருக்கிறது; பாட்டு அதைத் தருகிறது.

இரண்டில் பெரிய சாதனை 'கெட் வெல் சூன்'தான். ஃபாரெல் வில்லியம்ஸுடன் சேர்ந்து உருவாக்கியது. இதில் பின்னணிக் குரல்களும் அரியானாவுடையவையே: ஒன்று பயப்படுகிறது, ஒன்று தேற்றுகிறது, ஒன்று குறுக்கே பேசுகிறது. பதற்றம் பிடித்த மண்டைக்குள் இருக்கும் இரைச்சலைச் சொற்களைவிட இந்த அடுக்குக் குரல்கள் துல்லியமாகக் காட்டுகின்றன. முடிவில் ஏறக்குறைய 40 விநாடி சத்தமே இல்லை. அது இறந்தவர்களுக்கான அஞ்சலி. அதையும் சேர்த்தால்தான் கணக்கு 5:22 ஆகும்.

ஆல்பத்துக்கு 2019இல் கிராமி விருது கிடைத்தது. ஆனால் பாட்டு மட்டும் வைத்தியமாகாது. மனநல சிகிச்சை தன்னைக் காப்பாற்றியதாக அரியானாவே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். முதல்முறை நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால், பதற்றம்தான் என்று நீங்களே முடிவுகட்டாமல் மருத்துவரைப் பாருங்கள். மனப்பதற்றம் தொடர்ந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் மத்திய அரசின் டெலிமானஸ் இலவச எண் 14416இல் எந்த நேரமும் பேசலாம்.