விலகிப்போகும் டைட்டன்: சனிக் கோளுக்குள் என்ன நடக்கிறது?

நம்ம நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. பூமியை விட்டு விலகுகிறது. சனியின் மிகப்பெரிய நிலவான டைட்டன் 0.1 செ.மீ. மட்டுமே விலகும் என்றுதான் விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள். ஆனால், காசினி விண்கலத் தரவுகளை வைத்து 2020-ல் வெளியான ஆய்வு சொன்ன கணக்கு 11 செ.மீ. அதாவது, சுமார் 100 மடங்கு!

நிலவு ஏன் விலகுகிறது?

பூமியின் கடலில் நிலவால் ஓதம் எழுவதுபோல, டைட்டனின் ஈர்ப்பால் சனியும் லேசாகப் புடைக்கிறது. டைட்டன் ஒரு சுற்று வர 16 நாள் ஆகும். சனி தன்னைத்தானே சுற்ற 11 மணி நேரம்கூட ஆகாது. அந்த வேகத்தில் புடைப்பு டைட்டனைச் சற்று முந்திக்கொண்டு, அதை முன்னோக்கி இழுக்கிறது. அதனால் டைட்டனின் பாதை விரிகிறது.

சனிக்குள் உராய்வே இல்லையென்றால் புடைப்பு நேராக டைட்டனைப் பார்த்தே நிற்கும். ஓதத்தின் ஆற்றல் உராய்வில் வெப்பமாகக் கரைந்தால்தான் இந்த விலகல் நடக்கும்.

உராய்வு எங்கிருந்து வருகிறது?

சனிக்குள் சூடான பொருள் மேலே வர, குளிர்ந்தது கீழே இறங்குகிறது. உலைநீர் கொதிக்கிற மாதிரிதான். இந்த வெப்பச்சலனம் ஓதத்தின் ஆற்றலை உறிஞ்சும் என்பது பழைய விளக்கம். ஆனால் கொதிப்பு மெதுவானது. ஓதமோ சுமார் ஐந்தரை மணிக்கு ஒருமுறை ஏறி இறங்கிவிடும். கொதிப்பு அசைவதற்குள் ஓதம் திரும்பிவிட்டால் உராய்வு எப்படி வரும்? வியாழன் கோளுக்கு இது போதாது என்று கோல்ட்ரைக், நிக்கல்சன் இருவரும் 1977-லேயே காட்டிவிட்டார்கள்.

அப்படின்னா வேறென்ன?

ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் ஆட்டம் கூடும் இல்லையா? சனிக்குள்ளும் இயல்பான அதிர்வுகள் உண்டு. டைட்டனின் இழுப்பு அவற்றில் ஒன்றோடு ஒத்துப்போனால், ஆற்றல் இழப்பு எகிறும். சனியின் உட்புறம் மெல்ல மாற, அந்த அதிர்வின் தாளமும் மாறும். டைட்டன் அதோடு சேர்ந்தே நகரும். ஜிம் ஃபுல்லர் குழு 2016-ல் முன்வைத்த யோசனை இது. 11 செ.மீ. கணக்கு அதற்கு வலு சேர்த்தது. வேகம் இதைவிடக் குறைவு என்று சொல்லும் கணக்கும் பின்னர் வந்ததால், விவாதம் ஓயவில்லை.

ஏன் முக்கியம்?

நிலவுகள் எங்கே பிறந்தன என்பதை இந்த வேகத்தை வைத்துத்தான் பின்னோக்கிக் கணக்கிட முடியும். கோள்களின் முடிவுக்கும் இதே கணக்குதான். வாஸ்ப்-12பி என்ற கோள் தன் விண்மீனை 26 மணி நேரத்தில் சுற்றுகிறது. அந்த நேரம் ஆண்டுக்குச் சுமார் 29 மில்லிசெகண்ட் குறைகிறது. இப்படியே போனால் சுமார் 30 லட்சம் ஆண்டுகளில் விண்மீன் அதை விழுங்கிவிடும்.