சாமி வேறு, நோய் வேறு

ஏன் இவ்வளவு தாமதம்?

பென்னாகரம், அரூர், பாலக்கோடு என்று தருமபுரி மாவட்டத்தின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், மனநல மருத்துவரைத் தேடி வரும் குடும்பங்களின் கதை பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறது. முதலில் தூக்கம் கெட்டது, பிறகு தனக்குத்தானே பேச ஆரம்பித்தார். பார்த்தவர்கள் காத்து கருப்பு அண்டிவிட்டது என்றார்கள். பூசாரியிடம் குறி கேட்டு, மந்திரித்த கயிறு கட்டி, செய்வினை எடுக்கப் பணம் கொடுத்து, அதற்காக ஆடு மாட்டை விற்று, இடையில் மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரையும் வாங்கிக் கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் மருத்துவமனை. அதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன, சிலருக்கு ஆண்டுகள். 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வில், மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்று தெரியவந்தது. நோய்க்கு நோய் இந்த அளவு மாறுகிறது.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எளிது. ஆனால் அப்படி ஒதுக்குவதால் ஒரு குடும்பமும் சீக்கிரம் வந்துவிடப் போவதில்லை. ‘நான்’ என்பதை நம் ஊர்கள் எப்படிப் புரிந்துகொள்கின்றன என்று தெரிந்துகொண்டால்தான் அவர்கள் ஏன் முதலில் பூசாரியிடம் போகிறார்கள் என்பது விளங்கும். எந்த இடத்தில் அந்தப் புரிதல் உயிருக்கு உலை வைக்கிறது என்பதும் விளங்கும்.

‘நான்’ என்றால் யார்?

ஹேசல் மார்க்கஸ், ஷினோபு கிடயாமா என்ற உளவியலாளர்கள் 1991இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தன்னைத் தனித்து நிற்கும் ஆளாகக் காணும் பண்பாடுகளையும், உறவுகளுக்குள் வைத்துக் காணும் பண்பாடுகளையும் பிரித்துக் காட்டினார்கள். நம் கிராமங்களில் ‘நீ யாரு?’ என்ற கேள்விக்கு இன்னார் மகன், இன்னார் வீட்டு மருமகள், இன்ன குலதெய்வத்துக் கும்பிடுகாரர் என்றுதான் பதில் வரும். இப்படிப்பட்ட ‘நானு’க்கு வேலி கிடையாது. குலதெய்வம் உடம்பில் இறங்கலாம், செத்துப்போனவர் வந்து பேசலாம், அடுத்தவர் கண் பட்டு உடம்புக்கு முடியாமல் போகலாம். துக்கம்கூட மனசில் இருப்பதாகச் சொல்லப்படுவதில்லை. ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘தலை கனமா இருக்குது’ என்று உடம்பின் மீது ஏற்றிச் சொல்லப்படுகிறது. இது நமக்கு மட்டும் உரியதல்ல. சீனாவின் ஹுனானில் நரம்புத் தளர்ச்சி என்று சிகிச்சை பெற்றுவந்தவர்களை மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் ஆராய்ந்தபோது, பெரும்பாலோருக்கு இருந்தது மனச்சோர்வு நோய்தான் என்று கண்டார்.

பேய் பிடிப்பதற்கும் இந்தக் கோணத்திலிருந்து ஒரு பொருள் உண்டு. பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் களப்பணி செய்த மானிடவியலாளர் இசபெல் நபகோவ், தமிழ்ச் சடங்குகள் பற்றி 2000இல் வெளியிட்ட நூலில், பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களில் புதிதாகக் கல்யாணமான பெண்களைக் குறிப்பாகக் கவனித்தார். புகுந்த வீட்டில் வாய் திறக்க முடியாதவள் பேயின் வாயால் பேசுகிறாள். பேயோட்டும் சடங்கோ அவளைத் திரும்பவும் அதே வீட்டுக்குள் அடக்கி உட்கார வைக்கிறது. பேய் போய்விட்டது என்று எல்லோரும் நிம்மதியடைகிறார்கள். அவளுடைய துன்பம் என்ன என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

சாமியாடுவது நோயா?

இல்லை. மனநல மருத்துவம் கடவுள் நம்பிக்கைக்கு எதிரி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், ஒருவரின் வழக்கமான ‘தான்’ மறைந்து இன்னொரு சக்தி ஆட்கொண்டதுபோன்ற நிலை ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கூடவே நிபந்தனைகளும் உண்டு. அது விரும்பாமல் வருவதாக இருக்க வேண்டும், அந்தச் சமூகம் ஏற்ற வழிபாட்டின் பகுதியாக இருக்கக் கூடாது, வாழ்க்கையைக் குலைப்பதாகவும் இருக்க வேண்டும். திருவிழாவில் பம்பை உடுக்கைச் சத்தத்துக்கு அருள் வந்து ஆடி, குறி சொல்லி, கற்பூரம் காட்டியதும் சாமி மலையேறிவிட, மறுநாள் காலை வேலைக்குப் போகிறவருக்கு எந்த மருந்தும் வேண்டாம். அழைக்காமல் வருவதும், வந்தது போகாமல் நிற்பதும், சோறு தூக்கம் வேலை மூன்றையும் கெடுப்பதும் நோயின் அடையாளங்கள். இந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க டாக்டர் தேவையில்லை. வீட்டில் இருப்பவர்களால் முடியும்.

பேய் என்று தவறவிடும் நோய்கள்

தினமும் குடிப்பவர் மாலை போட்டுக்கொண்டு குடியை ஒரே நாளில் நிறுத்துகிறார். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு என்று வரிசையாக வருகின்றன. விரதத்தில் தீட்டுப் பட்டுவிட்டது, சாமி குத்தம் என்று வீட்டார் பயந்து பரிகாரம் தேடுகிறார்கள். இது குடி சட்டென்று நின்றதால் வரும் சித்தப்பிரமை. சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும். குடியை விடுவது நல்லதுதான், ஆனால் நாள்பட்ட குடிகாரர் மருத்துவரைக் கேட்டுவிட்டே விட வேண்டும்.

அடுத்தது பச்சை உடம்புக்காரிக்கு வரும் கடும் மனநோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் இது வருகிறது. தூங்காமல் உளறுவாள், குழந்தையைத் தன்னுடையதல்ல என்பாள். காத்து அடித்துவிட்டது என்று அவளை இருட்டறையில் அடைத்துவைப்பது, தாய் சேய் இரண்டு உயிரையும் பணயம் வைப்பதாகும். காய்ச்சலோடு வரும் மூளை அழற்சி, சிலவகை வலிப்பு, தைராய்டு கோளாறு ஆகியவையும் ஆளையே மாற்றிப் பேச வைக்கும். இவை எதற்கும் வேப்பிலை மருந்தாகாது.

கைவைத்தியமும் கட்டுக்கதைகளும்

ஊமத்தை பைத்தியத்தைத் தெளிய வைக்கும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்தச் செடியில் உள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகியவை நல்ல புத்தியோடு இருப்பவரையே உளற வைக்கும், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். மூக்கில் மிளகாய்ப் புகை போடுவதும் சாட்டையால் அடிப்பதும் வலியால் ஆளை அடக்கலாம். அடங்கியதைக் குணம் என்று நினைப்பதுதான் கொடுமை. இவற்றைவிடப் பெரிய கேடு ‘ஒரு கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்’ என்பது. கல்யாணம் எந்த மனநோய்க்கும் சிகிச்சை இல்லை. மறைத்துச் செய்யும் கல்யாணத்தில், மாத்திரை தெரிந்துவிடுமோ என்று மருந்து நிறுத்தப்படுகிறது, நோய் திரும்புகிறது, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து போகிறது.

மனநல மாத்திரை அடிமையாக்கிவிடும் என்பது அடுத்த கதை. மனச்சிதைவுக்கும் மனச்சோர்வுக்கும் தரும் முக்கிய மருந்துகளுக்கு ஏக்கம் பிடித்து யாரும் அலைவதில்லை. அவற்றைச் சட்டென்று நிறுத்தினால் தொல்லை வரலாம், அதனால்தான் மருத்துவர்கள் நாங்கள் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறோம். அடிமையாக்கக் கூடியவை அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள். அவற்றைத்தான் நம் ஆட்கள் சீட்டே இல்லாமல் கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் போடுகிறார்கள்! டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையோ பத்து நாளில் ‘தெளிஞ்சிட்டான்’ என்று நிறுத்துகிறார்கள். மனச்சோர்வு மருந்து வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தெளிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும். எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் காதில் ஏறுவதில்லை.

கோயிலில் குணமாகிறதே?

நியாயமான கேள்வி. ஆதாரமும் உண்டு. பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் குழுவினரும், தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே மருந்து இல்லை, அடி உதை இல்லை. உறவினர் உடன் இருந்தார், நோயாளிகள் கோயில் வேலை செய்தார்கள், ஊரார் பரிவோடு நடத்தினார்கள். சில வாரங்களில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. அன்பும் வேலையும் உறவும் நோயாளிக்கு நல்லவை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் 20 விழுக்காடு முழுக் குணம் ஆகாது. பரிவைக் கோயிலிலும் தரலாம், வீட்டிலும் தரலாம், மருந்தோடு சேர்த்தும் தரலாம்.

பண்பாடு நோயின் முகத்தை மாற்றுகிறது என்பதும் உண்மை. மானிடவியலாளர் டான்யா லூர்மன் குழுவினர் அமெரிக்கா, கானா, சென்னை ஆகிய இடங்களில் காதில் குரல் கேட்கும் நோயாளிகளிடம் பேசியபோது, அமெரிக்கர்களின் குரல்கள் பெரும்பாலும் மிரட்டின. சென்னையில் பலருக்கு அவை சொந்தக்காரர் குரலாக, வீட்டு வேலை ஏவுவதாகக் கேட்டன. ஆனால் குரலின் முகம்தான் மாறியது, அதற்கு அடியில் இருந்த நோய் எல்லா ஊரிலும் ஒன்று. பண்பாட்டைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தர்காவுக்குப் பெயர்பெற்ற ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். அதே ஏர்வாடி தர்காவில் பின்னர் பிரார்த்தனையோடு மருந்தும் தரும் ஏற்பாடு வந்தது. நம்பிக்கையும் மருந்தும் ஒன்றையொன்று விரட்டத் தேவையில்லை என்பதற்கு அதுவே சான்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது.

பரிசோதனை

மருத்துவமனைக்கு வந்தால், உடல்நோய் ஏதும் காரணமா என்று அறியப் பார்க்கப்படுபவை: ரத்தச் சர்க்கரை, உப்புச் சத்துகள், தைராய்டு, தேவைப்பட்டால் இ.இ.ஜி., ஸ்கேன்.

தயவுசெய்து

குலதெய்வத்தைக் கும்பிடுங்கள், நேர்த்திக்கடன் செலுத்துங்கள், கயிறும் கட்டிக்கொள்ளுங்கள். மருத்துவர் எவரும் அதை அறுக்கச் சொல்ல மாட்டார். ஆனால் கயிறு கட்டிய கையோடு மருத்துவமனைக்கும் வாருங்கள். ஒருவர் மூன்று நான்கு இரவு தொடர்ந்து தூங்காமல், சோறு இறங்காமல், ஆளே மாறிப்போய் இருந்தால் அமாவாசைக்குக் காத்திருக்க வேண்டாம். பிரசவித்த பெண்ணோ, குடியை நிறுத்தியவரோ, சாகப் போகிறேன் என்பவரோ என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. கிளம்ப முடியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். பூசாரிகளிடமும் ஒரு வேண்டுகோள்: ஊர் முதலில் உங்களிடம்தான் வருகிறது. திருநீறு பூசிய பிறகு, ‘ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் பேச்சைக் கேட்காத குடும்பமும் உங்கள் பேச்சைக் கேட்கும்.