விளக்கு அணைந்தால் கரண்டும் நின்றுவிட்டதா?



"சுவிட்சுதானே, ஒரு ஸ்குரு டிரைவர் இருந்தா நாமே மாத்திக்கலாம்" என்று லயத்து வீடுகளில் பலர் சொல்வதுண்டு. வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். மரம் சீவியோ செம்பனைக் குலை தூக்கியோ, வியர்வையும் மழையுமாய் வரும் உடம்பில் அது சுலபமாகப் பாயும். நெஞ்சு வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். சில நிமிடங்களில் உயிரே போய்விடும்.

சுவிட்சின் வேலை என்ன? விளக்குக்குக் கரண்டு கொண்டுவரும் வயர் 'லைவ்'. திரும்பிப் போகும் வயர் 'நியூட்ரல்'. சுவிட்சு லைவ் வயரைத்தான் துண்டிக்க வேண்டும். தவறாக நியூட்ரலில் மாட்டினாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டரில் கரண்டு இருக்கும்! விளக்குத்தான் எரியவில்லையே என்று பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும்.

நிறத்தையும் நம்பிவிடக் கூடாது. சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது பழைய வழக்கம். ஆனால் சுவிட்சுக்குள் வரும் கறுப்பு வயரிலும் லைவ் இருக்கலாம்.

ஆகவே கவனியுங்கள்:

1. பல்பு மாற்றும் முன்பும் மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள். கை உலர்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும்.

2. டெஸ்ட் பென்னை முதலில் கரண்டு உள்ள இடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

3. சுவிட்சு சூடானால், கருகினால், 'சர்' என்று சத்தம் போட்டால் உடனே உபயோகத்தை நிறுத்துங்கள்.

4. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ சுவிட்சு வாங்கினால் சிரிம் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

5. மெயின் பெட்டியில் கசிவுத் தடுப்புச் சுவிட்சு இருக்கும். அதன் 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். கரண்டு நிற்காவிட்டால் அது பழுது.

வயரிங் வேலையைத் தகுதிபெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். "சுவிட்சு லைவில்தானே இருக்கு?" என்று அவரிடம் தயங்காமல் கேளுங்கள். தோட்ட வீடுகளுக்குப் போதுமான மின்வசதி தருவதும், வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளியின் கடமை. ஆகவே பழுதைத் தோட்ட ஆபீசில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அசட்டை செய்தால் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அடையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த கட்டையால் அவரை வயரிலிருந்து விலக்குங்கள். பிறகு 999க்குப் போன் செய்யுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 செண்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். தெளிந்து எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வயர்மேன் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் வீட்டில் ஓர் உயிரை இழக்கலாமா? இன்று மாலையே வீட்டிலுள்ள சுவிட்சுகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.