கோயில் இசைப் பயிற்சிக்கான உதவித்தொகை

கோயில் இசைப் பயிற்சி உதவித்தொகை என்பது, வழிபாட்டு இடங்களில் பாடவும் கருவி இசைக்கவும் பயில்வோருக்குப் பயிற்சிக் காலத்தில் அளிக்கப்படும் பொருளுதவி ஆகும். தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் உள்ள சங்கரநாராயண சுவாமி கோயில் போன்ற பெரிய கோயில்களின் வழிபாட்டில் ஓதுவார், நாதசுவரக் கலைஞர், தவில் கலைஞர் ஆகியோருக்கு நிலையான இடம் உண்டு. ஆடித்தபசு போன்ற பெருவிழாக்களில் இவர்களின் பணி மேலும் கூடும். இக்கலைகளில் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகும். வருவாய் இல்லாத அந்த ஆண்டுகளைக் கடக்க உதவுவதே இத்தொகையின் நோக்கம்.

வரலாறு

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் முதலாம் இராசராசன் நியமித்ததை அக்கோயில் கல்வெட்டு கூறுகிறது. இந்த 50 பேருக்கும் நாள்தோறும் தலைக்கு மூன்று குறுணி நெல் வழங்கப்பட்டது. இது கால் கலம் ஆகும். ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுச் சென்றாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையெனில், தகுதியுள்ள வேறொருவரைப் பாட வைக்க வேண்டும். இதனால் மானியம் பிறப்பால் மட்டும் கிடைக்காமல் பாடும் திறனோடும் இணைக்கப்பட்டது.

பிற்காலத்தில் தருமபுரம் ஆதீனம் முதலிய சைவ மடங்கள் தேவாரப் பாடசாலைகளை நடத்தின.

கிறித்தவத் தமிழிசையிலும் இத்தகைய ஆதரவு இருந்தது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், மிஷனரி சுவார்ட்சின் ஆதரவில் தஞ்சையில் கல்வி கற்றார். பின்னர் இரண்டாம் சரபோஜி மன்னரின் ஆதரவையும் பெற்றார். இங்கிலாந்தில் 1956இல் தொடங்கப்பட்ட பேராலய இசை நண்பர்கள் அமைப்பு, பேராலயப் பாடகர் குழுக்களுக்கு நிதி அளித்து வந்தது.

இன்றைய ஏற்பாடுகள்

தமிழ்நாட்டில் இரண்டு வழிகள் முதன்மையானவை.

முதலாவது, இந்து சமய அறநிலையத் துறையின் பயிற்சிப் பள்ளிகள். அர்ச்சகர், ஓதுவார், நாதசுவரம், தவில் முதலிய பயிற்சிகளில் சேர்வோருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த ஊக்கத்தொகை, 2021-22ஆம் ஆண்டு அறிவிப்பின்படி 3,000 ரூபாயாக உயர்ந்தது. பின்னர் மேலும் உயர்த்தப்பட்டது.

இரண்டாவது, கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள். இங்குப் பயிற்சிக் காலம் மூன்று ஆண்டுகள். தேவாரம், நாதசுவரம், தவில் ஆகிய பிரிவுகளில் சேரத் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இவற்றின் சேர்க்கை அறிவிப்புகளில் நெடுங்காலம் இடம்பெற்ற உதவித்தொகை மாதம் 400 ரூபாய்.

சிக்கல்கள்

சங்கரன்கோவில் மாணவர் ஒருவர் திருநெல்வேலிக்குச் சென்று பயில வேண்டுமானால், ஒரு வழிக்கே 50 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். மாதத்தில் 20 வகுப்பு நாள்கள் எனக் கொண்டால், 400 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 20 ரூபாய்தான். கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் கிடைத்தாலும் உணவுக்கே அத்தொகை போதாது. குடும்பத்துக்கு உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய வயதில் உள்ளவர் பயிற்சியைப் பாதியில் விட இதுவே காரணமாகலாம்.

மற்றொன்று, பயிற்சிக்குப் பிந்தைய நிலை. வருவாய் குறைந்த சிறிய கோயில்களால் நிரந்தர ஊதியம் தர இயலாது. தஞ்சைக் கல்வெட்டில் பாடுவோரின் எண்ணிக்கை, அன்றாட நெல், அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் முறை ஆகிய மூன்றும் ஒன்றாக வகுக்கப்பட்டுள்ளன. உதவித்தொகையோடு பணியிடமும் உறுதியானால்தான் பயின்ற கலை கோயிலில் நிலைக்கும்.